ரசிகர் மாநாட்டுக்குப் போகும் முன்: ஒரு வார இறுதியும் ஓர் ஏ4 தாளும்



ஆண்டு இறுதி நெருங்கும்போது ஐந்தாம், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளிடமிருந்து ஒரு கேள்வி வரும். “டீச்சர், கேஎல்ல காமிக் ஃபியெஸ்தா நடக்குதாம். ரோபோ மாதிரி, விண்வெளி வீரர் மாதிரி எல்லாம் வேஷம் போட்டுட்டு வருவாங்களாம். நாம போலாமா?” அண்ணன் கைப்பேசியில் பார்த்த காணொலிதான் காரணம். நம்மில் பலருக்கு உடனே வாயில் வரும் பதில், “அதெல்லாம் காசைக் கரியாக்குற வேலை, போய்ப் படிக்கிற வழியப் பாரு” என்பதுதான்.

அந்தப் பதிலைச் சொல்லும் முன் கொஞ்சம் யோசிக்கலாம். அறிவியல் புனைகதை வாசகர்கள் ஒன்றுகூடும் மாநாடு எப்படிப்பட்டது, எங்கிருந்து வந்தது, ரெம்பாவ் வட்டாரத்துத் தோட்டப் பள்ளி ஒன்று அதை எப்படிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதை இங்கே விளக்க முயல்கிறேன்.

இது என்ன மாதிரியான விழா?

புத்தகக் கண்காட்சி நமக்குத் தெரியும். அங்கே விற்பவர் ஒரு பக்கம், வாங்குபவர் ஒரு பக்கம். நட்சத்திரக் கலைவிழாவும் தெரியும். மேடையில் நாலு பேர், கீழே நாலாயிரம் பேர். ரசிகர் மாநாடு இந்த இரண்டிலும் சேராது. அதை நடத்துவதே ரசிகர்கள்தான். நுழைவாயிலில் அட்டை கொடுப்பவர், நாற்காலி தூக்குபவர், கலந்துரையாடலை வழிநடத்துபவர் எல்லாருமே பெரும்பாலும் சம்பளம் வாங்காத தொண்டர்கள். கோயில் திருவிழாவில் காப்புக் கட்டியவரே பந்தலும் போட்டு, பந்தியிலும் பரிமாறுவார் இல்லையா? அதே கதைதான்.

இந்த வகை மாநாடுகளில் மூத்தவற்றில் ஒன்று ‘வேர்ல்ட்கான்’ எனப்படும் உலக அறிவியல் புனைகதை மாநாடு. அங்கே நீங்கள் வாங்குவது டிக்கெட் அல்ல, உறுப்பியம். உறுப்பினருக்கு வாக்கு உண்டு. அறிவியல் புனைகதைக்கான புகழ்பெற்ற ஹியூகோ விருதை யாருக்குக் கொடுப்பது, அடுத்து வரும் மாநாடு எந்த ஊரில் நடக்க வேண்டும் என்பதையெல்லாம் உறுப்பினர்களே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். 2023-இல் சீனாவின் செங்டு நகரில் மாநாடு நடந்ததும் அப்படி ஒரு வாக்கெடுப்பால்தான்.

அந்தச் செங்டு மாநாட்டில் சிக்கலும் வந்தது. விருதுக்கான வாக்குப் புள்ளிவிவரங்கள் 2024 தொடக்கத்தில் வெளியானபோது, சில நூல்கள் காரணம் எதுவும் சொல்லப்படாமல் ‘தகுதியற்றவை’ என ஒதுக்கப்பட்டிருந்தது தெரிந்தது. கண்டுபிடித்துக் கேள்வி கேட்டவர்கள் யார்? எண்களை வரிவரியாகப் படித்துப் பார்த்த வாசகர்களே. தங்கள் வீட்டுக் கணக்குப் போல அவர்கள் அதைப் பார்த்தார்கள். ‘இது நம்ம விழா’ என்ற எண்ணம் இருந்தால்தான் அந்த அக்கறை வரும்.

கடிதப் பகுதியில் பிறந்த கூட்டம்

இவ்வளவு பெரிய விஷயம் எப்படித் தொடங்கியது தெரியுமா? வாசகர் கடிதத்தில்.

1926 ஏப்ரலில் ஹியூகோ கெர்ன்ஸ்பேக் என்பவர் அமெரிக்காவில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற மாத இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வந்த முதல் ஆங்கில இதழ் அது. (விருதின் பெயரும் அவர் பெயர்தான்.) அந்த இதழில் வாசகர் கடிதங்களோடு எழுதியவரின் முகவரியும் அச்சாகியது. ஒரு சின்ன ஊரில் ‘இந்தக் கதையெல்லாம் படிக்கிற ஒரே கிறுக்கன் நான்தான்’ என்று நினைத்துக்கொண்டிருந்த பையனுக்கு, இன்னொரு ஊரிலும் ஒரு பையன் இருப்பது தெரிந்தது. இருவரும் நேரடியாக எழுதிக்கொண்டார்கள். கடிதங்கள் மன்றங்களாயின. மன்றங்கள் தாங்களே சிறு இதழ்கள் போட்டன. 1930 மே மாதம் சிகாகோவில் வெளிவந்த ‘தி காமெட்’ அவற்றில் முதலாவதாகச் சொல்லப்படுகிறது.

நம் நாட்டுத் தமிழ் இலக்கியமும் ஏறக்குறைய இதே வழியில் வந்ததுதான். 1950-இல் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். நாளிதழ் வழியாகவே பாடம், அஞ்சலிலேயே பயிற்சி. தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் தனித்தனியாக எழுதிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பெயரால் அறிந்துகொள்ள அது ஒரு வழியானது. அமெரிக்கப் பையன்களுக்குக் கிடைத்ததும், நம்மூர் இளைஞர்களுக்குக் கிடைத்ததும் ஒன்றுதான்: இன்னொருவருடைய முகவரி.

கடிதத்துக்கு அடுத்த படி நேர்ச் சந்திப்பு. 1937 ஜனவரி 3, ஞாயிற்றுக்கிழமை, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு மண்டபத்தில் ரசிகர்கள் கூடினார்கள். முன்கூட்டியே திட்டமிட்டு நடந்த முதல் அறிவியல் புனைகதை மாநாடு என்று அதைச் சொல்வார்கள். 1936-இல் பிலடெல்பியாவில் சில ரசிகர்கள் கூடியதையே முதலாவது என்று வாதிடுவோரும் உண்டு. லீட்ஸுக்கு வந்தவர்கள் எத்தனை பேர்? இருபது பேர் அளவில்தான். அதில் ஒருவர் 19 வயது ஆர்தர் சி. கிளார்க். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்று, 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து, 2008-இல் கொழும்பில் மறைந்த அதே கிளார்க்தான்.

மூன்று பிள்ளைகளின் கதை

வகுப்பில் சொல்வதற்கு ஏற்ற மூன்று உண்மை நிகழ்வுகள் இந்த வரலாற்றில் உண்டு.

முதலாவது: அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரில் ஒரே பள்ளியில் படித்த இரு நண்பர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும். ஒருவர் எழுதுவார், மற்றவர் வரைவார். இருவரும் சேர்ந்து நம் காலத்துச் சைக்ளோஸ்டைல் பிரதி போன்ற ஒரு சிறு இதழ் நடத்தினார்கள். 1933 ஜனவரியில் அந்த இதழில் ‘சூப்பர்மேன்’ என்ற சொல்லைத் தலைப்பில் வைத்து ஒரு கதை வந்தது. அதில் அவன் வில்லன்! நண்பர்கள் அதை மாற்றி மாற்றி எழுதினார்கள். 1938-இல் உலகம் அறிந்த சூப்பர்மேன் பிறந்தான்.

இரண்டாவது: 1939 ஜூலை 2 முதல் 4 வரை நியூயார்க்கில் முதல் உலக மாநாடு நடந்தது. ஏறக்குறைய 200 பேர் வந்தார்கள். லாஸ் ஏஞ்சலிஸ் தெருமுனையில் நாளிதழ் விற்றுக்கொண்டிருந்த 18 வயதுப் பையன் ஒருவன், நண்பரிடம் கடன் வாங்கிக்கொண்டு, நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குப் பஸ் ஏறினான். கையில் அவன் படைப்பு மட்டும் இல்லை. ஹானஸ் பாக் என்ற நண்பனின் ஓவியங்களும் இருந்தன. பத்திரிகை ஆசிரியரிடம் அவற்றைக் காட்டினான். அந்த ஆண்டு முடிவதற்குள் நண்பனின் ஓவியம் ‘வியர்ட் டேல்ஸ்’ இதழின் அட்டையில் வந்துவிட்டது. பஸ் ஏறிய பையன்தான் பின்னாளில் ‘ஃபாரன்ஹைட் 451’ எழுதிய ரே பிராட்பரி.

மூன்றாவது: அதே மாநாட்டுக்கு மர்ட்டில் டக்ளஸ் என்ற பெண், எதிர்கால மனிதர்கள் உடுத்துவார்கள் என்று தான் கற்பனை செய்த உடைகளைத் தைத்து, தானும் நண்பர் ஃபாரஸ்ட் அக்கர்மனும் அணிந்து வந்தார். இன்று நம் பிள்ளைகள் காணொலியில் பார்க்கும் வேடக் கலாச்சாரத்தின் வேர் அந்தத் தையல்தான். கடையில் வாங்கிய உடை இல்லை, பாருங்க.

ஆனால் அதே 1939 மாநாட்டில் கசப்பும் நடந்தது. ரசிகர் குழுக்களுக்குள் இருந்த பகையால் ஆறு இளைஞர்கள் வாசலிலேயே தடுத்து நிறுத்தப்பட்டார்கள். அவர்களில் ஃபிரெடெரிக் போல் போன்று பின்னர் பெரிய எழுத்தாளரானவர்களும் இருந்தார்கள். ‘எல்லாரும் வாங்க’ என்று கூட்டிய விழாவே கதவை மூடியது. இதைப் பிறகு மீண்டும் பார்ப்போம்.

தமிழில் இது உண்டா?

உண்டு. 1972-இல் முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’யை வெளியிட்டது. மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து, இரும்புக் கை மட்டும் தெரியும் அந்த நாயகன் பிரிட்டிஷ் சித்திரக்கதையிலிருந்து வந்தவன். ஆனாலும் தமிழ்ப் பிள்ளைகள் அவனைத் தத்தெடுத்துக்கொண்டார்கள். 1984-இல் லயன் காமிக்ஸ் வந்தது. சிவகாசியிலிருந்து வரும் இந்த இதழ்களின் வாசகர்கள் இன்று நடுவயதைத் தாண்டியவர்கள். ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழா நடக்கும்போது அவர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து கூடிப் பேசுவது பல ஆண்டுகளாக வழக்கமாக இருக்கிறது. பழைய இதழ் தேடுபவர், மொழிபெயர்ப்பு சரியில்லை என்று ஆசிரியரிடமே சண்டை போடுபவர் என எல்லாரும் அங்கே உண்டு. யாரும் அதற்கு ‘கன்வென்ஷன்’ என்று பெயர் வைக்காவிட்டாலும் அது ரசிகர் மாநாடுதான்.

எழுத்துப் பக்கம் பார்த்தால் சுஜாதா இருக்கிறார். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’வின் ஜீனோ என்ற இயந்திர நாய், படிக்கும், யோசிக்கும், கிண்டல் பேசும். படிநிலை இரண்டு மாணவர்களுக்கு ஜீனோ வரும் ஒரு பகுதியை வாசித்துக் காட்டுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும். அண்மைக் காலத்தில் ‘அரூ’ மின்னிதழ் 2019-இல் அறிவியல் சிறுகதைப் போட்டி நடத்தி, புதியவர்கள் பலரை எழுத வைத்தது. நம் நாட்டவரான ஸென் சோ ஆங்கிலத்தில் எழுதி, 2019-இல் டப்ளின் உலக மாநாட்டில் நெடுங்கதைப் பிரிவில் ஹியூகோ விருது பெற்றார். ஆக, மலேசியப் பிள்ளைக்கு இது எட்டாத கனி இல்லை.

ரெம்பாவிலிருந்து ஒரு வார இறுதி

நம் நாட்டில் பிள்ளைகள் பார்க்கக்கூடிய நெருக்கமான விழா காமிக் ஃபியெஸ்தா. 2002-இல் தொடங்கியது. முழுக்க அறிவியல் புனைகதைக்கானது அல்ல. சித்திரக்கதை, அனிமே, மின்விளையாட்டு எல்லாம் கலந்தது. பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வார இறுதியில், சனி ஞாயிறு இரண்டு நாளும் நடக்கும். பல ஆண்டுகள் கேஎல்சிசியில் உள்ள கோலாலம்பூர் மாநாட்டு மையத்தில் நடந்திருக்கிறது. இடமும் நுழைவு விதியும் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம் என்பதால், அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டே திட்டமிடுங்கள்.

போக்குவரத்து சிரமமில்லை. தைப்பூசத்துக்குப் பத்துமலை போகும் அதே கொம்யூட்டர் வழித்தடம்தான். ரெம்பாவ் நிலையத்தில் ஏறி, சிரம்பான் வழியாகக் கேஎல் சென்ட்ரல். கேஎல்சிசிக்கு என்றால் அங்கிருந்து எல்ஆர்டியில் ஐந்தாவது நிறுத்தம். ஒன்று மட்டும் கவனம்: ரெம்பாவ் பக்கம் வண்டிகள் அடிக்கடி வராது. திரும்பும் வண்டியின் நேரத்தை முதலில் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப மற்றதைத் திட்டமிடுங்கள்.

போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில நடைமுறைகள்:

• பள்ளிச் சுற்றுலாவாக என்றால் தலைமையாசிரியர் ஒப்புதல், கல்வி இலாகா நடைமுறை, பெற்றோரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் ஆகியவை வேண்டும். அது கடினம் என்றால், பெற்றோர் தத்தம் பிள்ளையோடு வர, ஆசிரியர் வழிகாட்டியாகச் செல்லலாம்.

• முதல்முறை என்றால் ஒரு நாள் போதும். ஆசிரியர் ஒருவர் முதல் நாள் தனியாகச் சென்று பார்த்து வந்து, மறுநாள் பிள்ளைகள் வருவது இன்னும் நல்லது. எல்லா மேசையிலும் எல்லா வயதுக்கும் ஏற்ற படைப்புகள் இருக்காது.

• வேடம் அணிந்தவரைப் படம் எடுக்கும் முன் அனுமதி கேட்க வேண்டும். வேடம் போட்டிருப்பதாலேயே தொட்டுப் பார்க்கலாம் என்று அர்த்தமில்லை. இதை இரயிலிலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள்.

• வேடம் போட விரும்பும் பிள்ளைக்கு அட்டைப்பெட்டி, பழைய சட்டை, அலுமினியத் தாள் போதும். கூர்மையான பொருளும் நிஜ ஆயுதம் போலத் தோன்றும் பொருளும் வேண்டாம்; வாசலில் சோதனை இருக்கும்.

• தண்ணீர்ப் போத்தல், உணவுப் பொட்டலம், சந்திக்கும் இடம், பெற்றோர் தொலைபேசி எண் எழுதிய அட்டை. கூட்டம் தைப்பூசக் கூட்டம் மாதிரி இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

• தங்கள் ஓவியங்களையும் சிறு நூல்களையும் தாங்களே விற்கும் இளம் படைப்பாளர் வரிசைதான் பிள்ளைகள் அதிக நேரம் நிற்க வேண்டிய இடம். “இத நீங்களே வரைஞ்சீங்களாக்கா? எத்தனை நாளாச்சு?” என்று ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வர வேண்டும் என்று விதி வையுங்கள்.

வெறுங்கையோடு போகக் கூடாது

இங்கேதான் விஷயமே இருக்கிறது. வெறுங்கையோடு போகும் பிள்ளை வேடிக்கை பார்த்துவிட்டு, நூறு படம் எடுத்துவிட்டு, ஒரு சாவிக்கொத்து வாங்கிக்கொண்டு வரும். தன் கையால் செய்த ஒன்றைக் கொண்டுபோகும் பிள்ளை அங்கே ஒரு படைப்பாளியாக நிற்கும். பிராட்பரி கையில் ஓவியங்கள் இருந்தன. மர்ட்டில் டக்ளஸிடம் தைத்த உடை இருந்தது. நம் பிள்ளையிடம் ஒரு தாள் இருக்கட்டும்.

ஓர் ஏ4 தாளில் எட்டுப் பக்கச் சிறு இதழ் செய்யும் முறை இதோ:

1. தாளைப் படுக்கைவாக்கில் வைத்து, நீளவாட்டில் ஒரு முறை மடித்து விரியுங்கள்.

2. குறுக்கே பாதியாகவும், மீண்டும் குறுக்கே பாதியாகவும் மடித்து விரியுங்கள். மேலே நான்கு, கீழே நான்கு என எட்டுக் கட்டங்கள் கிடைக்கும்.

3. குறுக்கே ஒரே ஒரு முறை மடியுங்கள். மடிப்பு விளிம்பிலிருந்து, நடுக்கோட்டின் மேலேயே, அடுத்த மடிப்புக்கோடு வரை மட்டும் வெட்டுங்கள்.

4. முழுதும் விரித்து, நீளவாட்டில் மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளுங்கள். வெட்டிய இடம் திறந்து கூட்டல் குறி போல நிற்கும். அதைச் சுற்றி மடித்தால் இதழ் தயார்.

5. பக்க எண்ணைப் பென்சிலில் குறித்துவிட்டு, தாளை விரித்து எழுதி வரையுங்கள். சில பக்கங்கள் தலைகீழாக இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு பக்க நகல் எடுத்தால் போதும். ஒரு பிள்ளைக்கு இருபது பிரதி எடுத்தாலும் இருபது தாள்தான்.

என்ன எழுதுவது? ‘நான் நிலாவுக்குச் சென்றால்’ போன்ற கற்பனைக் கட்டுரை நம் பிள்ளைகளுக்குப் பழக்கமானது. பெரும்பாலும் அதில் எல்லாமே நடக்கும். பறக்கும் கார், பேசும் மரம், பத்துத் தலை வேற்றுக்கிரகவாசி. எதுவும் மனத்தில் நிற்காது. ஒரு கதையில் நடக்க முடியாதது ஒன்றே ஒன்று இருந்தால் போதும், மற்ற எல்லாம் அன்றாட வாழ்க்கை போலவே இருக்க வேண்டும் என்பது எச். ஜி. வெல்ஸின் கொள்கை. நாமும் அதையே விதியாக வைத்துக்கொள்ளலாம்: ஒரே ஒரு மாற்றம், மற்றதெல்லாம் ரெம்பாவ்.

செம்பனைக் குலையை அறுக்க இயந்திர மனிதன் வந்துவிட்டான். அப்பாவுக்கு மறுநாள் காலையில் என்ன வேலை? பால்மரத் தோப்பாக இருந்த காலத்துக்கு ஒரு நாள் மட்டும் போய்வர முடிந்தால், பெரட்டுக்களத்தில் நிற்கும் பாட்டியிடம் என்ன கேட்பாய்? ரெம்பாவ் நிலையத்துக்கு 2080-இலிருந்து ஒரு வண்டி வந்து நின்றால், அதிலிருந்து யார் இறங்குவார்? இப்படிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளை தன் வீட்டைப் பற்றித்தான் எழுதும். அதில் அறிவியலும் இருக்கும், பயமும் இருக்கும், ஆசையும் இருக்கும். மொழிப்பாடத்தில் நாம் தேடும் சொந்த நடை அங்கேதான் தலைகாட்டும்.

தமிழிலேயே எழுதட்டும். “அங்க தமிழ் படிக்கத் தெரிஞ்சவங்க இருப்பாங்களா டீச்சர்?” என்று கேட்பார்கள். இருப்பார்கள். படிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளை தன் வாயால் மலாயில் சொல்லட்டும். தன் கதையைத் தானே இன்னொரு மொழியில் சொல்வதைவிடச் சிறந்த பயிற்சி வேறு ஏது? இதழின் கடைசிப் பக்கத்தில் பிள்ளையின் சொந்த முகவரிக்குப் பதில் பள்ளியின் அஞ்சல் முகவரி இருக்கட்டும். யாராவது ஒருவர் எழுதினால் போதும்.

திங்கட்கிழமைக்குப் பிறகு

திரும்பி வந்ததும் ‘பயண அனுபவம்’ கட்டுரை எழுதச் சொல்லி முடித்துவிட வேண்டாம். வாங்கி வந்த இதழ்களையும் செய்த இதழ்களையும் நூலகத்தில் ஒரு பெட்டியில் வையுங்கள். பக்கத்துப் பள்ளிக்கு அந்தப் பெட்டியை ஒரு மாதம் அனுப்புங்கள். அவர்கள் படித்துக் கடிதம் எழுதட்டும். உங்கள் பிள்ளைகள் பதில் போடட்டும். செம்போங், பெடாஸ், தம்பின் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்தாலே ஒரு கடிதப் பகுதி உருவாகிவிடும்.

நம் தோட்டப் பள்ளிகள் பலவற்றில் மாணவர் எண்ணிக்கை குறைவு. சில வகுப்புகளில் பத்துப் பேர்கூட இல்லை. அந்தப் பத்துப் பேரில் கதை என்றால் உயிரை விடும் பிள்ளை ஒன்றுதான் இருக்கும். அது யாரோடு பேசும்? ‘இதெல்லாம் படிக்கிறது நான் மட்டும்தானா’ என்று ஒரு பிள்ளை நினைக்கத் தொடங்கினால், அடுத்த ஆண்டு அது படிப்பதையே விட்டுவிடலாம். இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் தமிழ்ப் புத்தகத்தைத் தொடாமல் போகும் பிள்ளைகளை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? இன்னொரு வாசகரின் முகவரி அந்தப் பிள்ளையைக் காப்பாற்றும்.

கதவை மூடாமல் இருப்பதும் நம் பொறுப்பு. எழுத்துப் பிழை அதிகம் விடும் பிள்ளை, படம் மட்டும் வரையும் பிள்ளை, சித்திரக்கதை தவிர எதையும் தொடாத பிள்ளை எல்லாருக்கும் அந்த எட்டுப் பக்கத்தில் இடம் வேண்டும். ‘நல்லா எழுதுறவங்க மட்டும் வாங்க’ என்று சொன்னால், 1939-இல் வாசலில் நிறுத்தப்பட்ட ஆறு பேரின் கதையை நாமும் திருப்பிச் செய்தவர்கள் ஆவோம்.

செலவு, தூரம், அனுமதி என்று எதாவது ஒன்றால் கோலாலம்பூர் போக முடியாவிட்டாலும் கவலையில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பள்ளிச் சிற்றுண்டிச் சாலை, நான்கு மேசை, இரண்டு பள்ளிகளின் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு சிறு இதழ். தேநீரும் பிஸ்கட்டும் பெற்றோர் ஆசிரியர் சங்கம் பார்த்துக்கொள்ளும். இருபது பேர் வந்தால், லீட்ஸ் நகரில் 1937-இல் கூடிய கூட்டத்துக்குச் சமம்.

உங்கள் பள்ளியில் செய்த இதழ்களின் நகலை இந்த வளத்தளத்துக்கு அனுப்பினால், மற்ற பள்ளிகளும் பார்க்க உதவியாக இருக்கும்.